தரை தெரியாத கால்கள்

செல்லியம்மாவை முதல்முறை யாரோ தள்ளியது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், சாமி படத்துக்கு முன்னால்.

விளக்கேற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள். கண்ணை மூடினாள். மூடிய மறுகணமே முதுகில் ஒரு தள்ளல். தர்ம தரிசன வரிசையில் பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழந்து உள்ளங்கையை வைத்து அழுத்துவார்களே, அந்த மாதிரி. தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. புருஷன் ஜெயச்சந்திரன் லாட்ஜு வேலைக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மகள் ரேகா பள்ளிக்கூடத்தில். கொல்லைக் கதவு தாழ்போட்டபடி இருந்தது.

வெறும் வயிறு, அதனால்தான் என்று சமாதானம் செய்துகொண்டு மறுபடி கண்ணை மூடினாள். இந்தத் தடவை பக்கவாட்டில் தள்ளியது. கை பட்டு விளக்கு சாய்ந்து எண்ணெய் தரையில் ஓடியது. குனிந்து துணியால் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் கை நின்றுவிட்டது. கண்ணைத் திறந்திருக்கும்வரை ஒன்றுமில்லை. கும்பிடும்போதுதான் தள்ளுகிறது.

அது இரண்டாயிரமாவது வருஷம், தை மாசம். திருப்பதி பைராகிப்பட்டெடாவில், பத்மாவதம்மா என்கிற ரிட்டயர்டு டீச்சரின் வீட்டுப் பின்கட்டில் அவர்கள் குடியேறி ஆறாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. பத்மாவதம்மாவின் புருஷன் இறந்துபோய்விட்டார். ஒரே மகன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்காவில் இருந்தான். முன்கட்டில் அந்த அம்மாள் தனியாக இருந்தாள்.

அந்த வீட்டுக்குள் இவர்கள் ஒரு பொய்யோடுதான் வந்தார்கள்.

சொந்த ஊர் வெதுருகுப்பத்துக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையோரம். நிலமில்லாத சனம், அடுத்தவர் கழனியில் கூலி. ஜெயச்சந்திரன் பத்தாவது பாஸ். தொண்ணூறுக்குப் பிறகு திருப்பதியில் தெருவுக்குத் தெரு லாட்ஜு எழும்பியபோது, ஒன்றில் ரூம்பாயாகச் சேர்ந்து, தெலுங்கும் கொஞ்சம் இங்கிலீஷும் பேசப் பழகி, ரிசப்ஷனில் உட்காரும் அளவுக்கு வந்துவிட்டான். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவர வீடு தேடினான். நாலு வீட்டில் நீங்கள் எந்த ஆட்கள் என்று கேட்டார்கள். பதிலைக் கேட்டதும் வீடு காலியில்லாமல் போயிற்று. ஐந்தாவது வீட்டில் கேட்பதற்கு முன்னாலேயே அவன் சொல்லிவிட்டான். சொன்னது அவர்கள் சாதி இல்லை. முட்டைகூடத் தொடமாட்டோம் என்றும் சேர்த்துக்கொண்டான். பத்மாவதம்மா செல்லியம்மா பக்கம் திரும்பிப் பேர் கேட்டபோது, அவள் வாய் திறக்குமுன் "கலைவாணி" என்றான்.

அன்று முதல் அவள் கலைவாணி ஆனாள். நைனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆறு வயசு ரேகாவுக்கு டாடி என்று சொல்லிக்கொடுத்தார்கள். சாப்பிடு என்பதற்குத் துன்னு என்கிற ஊர்ச்சொல் வீட்டுக்குள் வரவே கூடாது, அந்த ஒரு சொல் போதும் நம்மைக் காட்டிக்கொடுக்க என்று ஜெயச்சந்திரன் கண்டிப்பாகச் சொன்னான்.

செல்லியம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சாமி ஊரில் பொய் சொல்லி நுழைந்தாயிற்று. இனி அந்தப் பொய்யை நிஜமாக்கிவிடுவது என்று தனக்குள் முடிவு செய்தாள். ஏரி வற்றினால் நத்தை, சந்தை நாளில் கருவாடு, பண்டிகைக்கு ஈரலும் குடலும் என்று வளர்ந்த உடம்பு. அத்தனையையும் ஒரே நாளில் விட்டாள். ஊருக்குப் போன இடத்திலும் தொடவில்லை. பால் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது, வயிற்றைக் கலக்கிவிடும். மோரும் அப்படித்தான். ஆக சோறு, பருப்பு, ரசம், கீரை. கொல்லையில் முருங்கை இருந்தது. மார்க்கெட்டில் தண்டுக்கீரையும் பொன்னாங்கண்ணியும் மலிவு. அவள் கீரை ஆய்வதைப் பார்க்கும்போதெல்லாம் பத்மாவதம்மா, இப்படிச் சாப்பிடுகிறவளுக்கு நோய் நொடி கிட்டவே வராது என்று தெலுங்கில் மெச்சுவாள்.

நாலாவது வருஷத்தில் களைப்பு வந்தது. நாக்கு வழவழவென்று சிவந்து காரம் பட்டால் எரிந்தது. தெருமுனைக் கிளினிக்கு டாக்டர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்த மாத்திரை எழுதிக்கொடுத்தார். மூன்று மாசத்தில் முகம் தெளிந்தது. மறுபடி ரத்தம் சோதித்துவிட்டு ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றார்.

அதற்குப் பிறகுதான் அவளுடைய கால்கள் போகத் தொடங்கின.

முதலில் பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. பிறகு இலவம்பஞ்சு மெத்தைமேல் நடப்பதுபோல் ஆயிற்று. ஒரு நாள் இடது செருப்பு வழியில் கழன்று விழுந்ததே தெரியாமல் மார்க்கெட்டு வரைக்கும் போய்விட்டாள். பூக்காரி ஒருத்தி சொல்லித்தான் குனிந்து பார்த்தாள். கிளினிக்கில் சொன்னபோது டாக்டர் மறுபடி ரத்தச் சீட்டைத்தான் பார்த்தார். ரத்தம் நன்றாக இருக்கிறதே, வீணாக எதையாவது நினைத்துக் கவலைப்படாதே என்று அனுப்பிவிட்டார். பிறகு தை மாசம், அந்த வெள்ளிக்கிழமை.

முகத்துக்குச் சோப்புப் போட்டால் தள்ளியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கண்ணை மூடினால் தள்ளியது. சிவராத்திரிக்குக் கபிலதீர்த்தம் சிவன் கோயிலுக்குப் போனார்கள். சன்னிதியில் மணி அடித்ததும் பழக்கத்தில் கண்ணை மூடிவிட்டாள். அத்தனை பேர் முன்னாலும் பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். அருள் வந்துவிட்டது என்று யாரோ விபூதி பூசினார்கள். ஜெயச்சந்திரன் வெட்கத்தோடு அவளைத் தூக்கி நிறுத்தினான். சாமிக்குத் தெரிந்துபோயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள், அவனிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் கண்ணைத் திறந்துகொண்டே கும்பிட்டாள். ஆனால் படத்தின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் பாதத்தை மட்டும் பார்த்தாள்.

கொல்லையில் ஒரு சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி உண்டு. முருங்கையின் நிழல் அதன்மேல் விழும். பங்குனியில் ஒரு சாயங்காலம் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"செல்லி, துன்னியா?"

அந்தப் பேர் தெரிந்தவர்கள் திருப்பதியிலேயே இரண்டு பேர்தான். அவர்கள் இருவரும் அதைச் சொல்வதை விட்டு வருஷக்கணக்கு ஆகிறது. குரல் யாருடையது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அக்கா பொன்னியம்மா. வேகவைத்த நத்தையை முள்ளால் குத்தியெடுத்து, பெரிசாகப் பார்த்துத் தங்கச்சி தட்டில் போடுகிறவள். வரப்பில் பாம்பு கடித்துச் செத்துப் பதினொரு வருஷம்.

திரும்பினாள். முருங்கையடியில் ஒரு பெண் பக்கவாட்டாக நின்றுகொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. இடது காது மட்டும் தெரிந்தது. சின்ன வயசில் கம்மல் எதிலோ மாட்டி அறுந்து, மடல் இரண்டாகப் பிளந்துபோன காது. செல்லியம்மா குடத்தைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் அங்கே மரம்தான் இருந்தது.

அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரம் இரண்டு முறை. கேள்வி ஒன்றேதான். சில நாள் "இன்னா துன்ன?" என்று மாற்றிக் கேட்பாள். பதில் சொல்லிவிட்டால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவாளோ என்று பயந்து செல்லியம்மா வாயை இறுக்கிக்கொள்வாள். தண்ணீர் எடுப்பதைக் காலையிலேயே முடித்துவிடப் பார்த்தாள். ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் எப்படியோ செல்லியம்மா தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தாள்.

சித்திரை விடுமுறைக்கு ரேகா ஊருக்குப் போயிருந்தாள். ஒரு மத்தியானம் செல்லியம்மா பாத்திரம் துலக்கி வைத்துவிட்டு, பெருக்கலாம் என்று துடைப்பத்தோடு கூடத்துக்கு வந்தாள். வெள்ளை மொசைக்குத் தரையில் சிவப்பாகக் காலடிகள் இருந்தன.

வலது கால் மட்டும். குதிகால் சரியாக விழாமல், விரல்கள் அகன்று. அடுக்களையிலிருந்து வந்து, கட்டிலைச் சுற்றி, பீரோவுக்கு முன் கொஞ்ச நேரம் நின்று, கொல்லைப் பக்கம் போயிருந்தன. யாரோ அடிபட்டு வீட்டுக்குள் வந்து திரிந்திருக்கிறார்கள்.  துடைப்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தடத்தின் பின்னாலேயே போனாள். கொல்லைக் கதவு வரைக்கும் போயிற்று. தொட்டி வரைக்கும் போயிற்று. அங்கே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியிருந்தது. வீட்டுக்குள் திரும்பி வந்து பார்த்தபோது கூடத்தில் முன்பைவிட அதிகமாக இருந்தன. சில ஈரமாக இருந்தன. அவள் நின்ற இடத்தில் ஒன்று அப்போதுதான் பெரிதாகிக்கொண்டிருந்தது.

வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. காலையில் அடுக்களையில் கண்ணாடி ஊறுகாய் ஜாடி உடைந்தது ஞாபகம் வந்தது. துண்டைப் பிடித்து இழுத்தாள். கதவுப் பலகையிலிருந்து ஆணியைப் பிடுங்குவதுபோல வந்தது. வலி என்று ஒன்றுமே இல்லை.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பயம்கூடப் போய்விட்டது. அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சேதி ஒன்று உண்டு: செத்தவர்களுக்குக் கால் தரையில் படாது. இத்தனை நாளாக அக்கா தன்னைத் தேடி வருகிறாள் என்று நினைத்தது தப்பு. நாம்தான் அக்கா இருக்கும் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறோம். யாரும் நமக்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஜெயச்சந்திரன் வந்தபோது கூடம் துடைக்கப்படாமல் கிடந்தது. அவள் காலில் துணி சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நான் செத்துட்டேங்க," என்றாள் சாதாரணமாக. "எப்போன்னு தெரியல. நீங்களும் சொல்லல."

அவன் முதலில் அதட்டினான். பிறகு குனிந்து துணியை அவிழ்த்துக் காயத்தைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பெருவிரலால் காயத்தின் ஓரத்தை அழுத்தினான். இன்னும் கொஞ்சம் அழுத்தினான். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தான். விடிந்ததும் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனான்.

நரம்புப் பிரிவில் இருந்த டாக்டரம்மா சித்தூர்க்காரி. தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள். இரண்டாகப் பிரிந்த ஓர் இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்கரிக்கும்போதே கணுக்காலில் வைத்தாள். செல்லியம்மாவுக்கு இரும்பு சில்லென்றிருந்ததுகூடத் தெரியவில்லை. முழங்காலில் லேசாக ஏதோ இருந்தது. நெஞ்செலும்பில் வைத்தபோது வண்டு மாதிரி அதிர்ந்தது. பிறகு காலிரண்டையும் சேர்த்து நிற்கச் சொல்லிக் கண்ணை மூடச் சொன்னாள்.

"வேணாம்மா. தள்ளுவாங்க."

"யாரு?"

செல்லியம்மா புருஷனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சாமி."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து வந்து இரண்டு பக்கமும் கையை விரித்து வைத்துக்கொண்டாள். நான் பிடித்துக்கொள்கிறேன், மூடு என்றாள். செல்லியம்மா மூடினாள். உடனே தள்ளியது, டாக்டரம்மாவின் கையில் விழுந்தாள்.

"யாரும் தள்ளலம்மா," என்றாள் டாக்டரம்மா, அவளை நாற்காலியில் உட்கார வைத்து. "உன் கால் எங்க இருக்குதுன்னு மூளைக்குச் சேதி போகல. கண்ணால பார்த்துப் பார்த்துத்தான் இத்தனை நாளா நின்னுக்கினு இருந்திருக்கே. கண்ணை மூடினா நீயே சாயறே. சரி சொல்லு. ஏம் திண்டாவு? தினம் இன்னா துன்றே?"

செல்லியம்மா தலை தூக்கிப் பார்த்தாள். தொட்டியடியில் கேட்ட கேள்வி, உயிரோடிருக்கிற ஒருத்தியின் வாயிலிருந்து வந்தது. அக்காவுக்குச் சொல்லாத பதிலை இவளுக்குச் சொன்னாள். சோறு, பருப்பு, ரசம், கீரை. முட்டை இல்லை. பால் இல்லை. ஆறு வருஷமாக. அதற்கு முன்னே என்று டாக்டரம்மா கேட்டாள். ஜெயச்சந்திரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நத்தை, கருவாடு, ஈரல், குடல் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கத்தரிக்காய் வெண்டைக்காய் என்று சொன்னதுபோல டாக்டரம்மா எழுதிக்கொண்டே போனாள். தொட்டியடிக் குரலையும் சொல்லிவிட்டு, கடைசியில் செல்லியம்மா சீட்டைக் காட்டி, அதில் எழுதியிருக்கிற பேர் என்னுடையது இல்லை, செல்லியம்மா என்று போடுங்கள் என்றாள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினாள். பீ பன்னிரண்டு என்று ஒரு வைட்டமின். உடம்புக்குக் கடுகளவுகூட வேண்டாம், ஆனால் அது இல்லாமல் நரம்பின் மேலுறை நைந்துபோகும், மூளை இல்லாததைக் கேட்கும், பார்க்கும். கீரையில் எத்தனையோ நல்லது இருக்கிறது, இது மட்டும் இல்லை. செடிகொடி எதிலும் இல்லை. ஈரலில், மீனில், நத்தையில், முட்டையில், பாலில்தான் இருக்கிறது. பழைய சேமிப்பு உன் ஈரலில் இருந்ததால் நாலு வருஷம் தாங்கியது. கீரையிலும் அந்த மாத்திரையிலும் இருந்த ஃபோலிக் ஆசிட் ரத்தத்தை மட்டும் சரி செய்துவிட்டது. அதனால் ரத்தத்தைப் பார்த்தவர்களுக்கு நோய் தெரியவில்லை. நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போயிற்று. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தால் நடக்கவே முடியாமல் போயிருக்கும்.

ஒரே வீட்டில் ஒரே சோறு, இவருக்கு ஏன் வரவில்லை என்று செல்லியம்மா கேட்டாள். டாக்டரம்மா ஜெயச்சந்திரனைப் பார்த்தாள். 

"ஸ்டேஷனாண்ட மிலிட்டரி ஓட்டல்ல," என்றான். "வாரத்துக்கு ரெண்டு நாள் கறிச்சோறு. பாப்பாவையும் கூட்டிக்கினு போவேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்தது."

அவள் அழவில்லை. வீடு வந்து சேரும்வரை அவனோடு பேசவுமில்லை.

முதல் வாரம் தினமும் ஊசி, அப்புறம் வாரம் ஒன்று. மூன்றாம் வாரம் பாதத்தில் நெருப்பு வைத்ததுபோல எரிச்சல் எடுத்தது. அது நல்லது, நரம்பு விழிக்கிறது என்றார்கள். ஆனி மாசத்தில் ஒரு காலை, தரை சில்லென்று இருப்பது குதிகாலுக்குத் தெரிந்தது. தொட்டியடியில் குரல் நின்றுபோயிருந்தது. ஒரு சாயங்காலம் அவள் வேலை எதுவும் இல்லாமல் போய் அங்கே நின்றாள். பொழுது முழுக்கச் சாயும்வரை நின்றாள். "துன்னேன்க்கா," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். முருங்கை இலைதான் அசைந்தது. உள்ளே வந்து முதல்முறையாக அழுதாள்.

ஜெயச்சந்திரன் லாட்ஜிலிருந்து அவித்த முட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தான். ஒளித்துத் தின்ன முடியாது, வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிடுகிறேன், போகச் சொன்னால் போவோம் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆனால் மறுநாள் மத்தியானம் பத்மாவதம்மாவே பின்கட்டுக்கு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்துக் காலை அகட்டி வைத்து நடந்து வந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். நீ விழுவதற்கு டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

செல்லியம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பேரையும் சாதியையும்கூட. பத்மாவதம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அது எனக்கு முதல் மாசமே தெரியும் என்று தெலுங்கில் சொன்னாள். உன் பெண் ஒருநாள் முற்றத்தில் விளையாடிக்கொண்டே, துன்னுட்டு வரேன் நைனா என்றாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவளுக்கு அது போதாதா. தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன். போன வருஷத்திலிருந்து பூஜையறையில் கண்ணை மூடினால் என்னை யாரோ தள்ளுகிறார்கள். தெரிந்தே உங்களை வீட்டில் வைத்திருப்பதற்குப் பெருமாள்தான் தண்டிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

 பிறகு பத்மாவதம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தொட்டிகிட்ட வந்து நிப்பாளே, இடது காது அறுந்தவ. அவ யாரு?"

செல்லியம்மா நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் காதைப் பற்றி அவள் புருஷனிடமும் சொன்னதில்லை, டாக்டரிடமும் சொன்னதில்லை. எங்க அக்கா என்று மட்டும் சொன்னாள். பத்மாவதம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை.

அடுத்த நாள் அந்த அம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது செல்லியம்மாதான். ஒன்பது வருஷமாகச் சர்க்கரை நோய்க்குத் தின்ற மாத்திரை அந்த வைட்டமினை உடம்பில் சேரவிடாமல் செய்திருக்கலாம் என்றும், தினமும் குடிக்கும் ஒரு டம்ளர் மோர் அதற்கு ஈடாகாது என்றும் டாக்டரம்மா சொன்னாள். ஊசி மருந்து எதிலிருந்து வருகிறது என்று பத்மாவதம்மா கேட்டாள். மாமிசத்திலிருந்து இல்லை, தொழிற்சாலையில் கிருமிகளை வளர்த்து எடுக்கிறார்கள் என்ற பிறகே கையை நீட்டினாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், கொல்லையில் தனியாக ஒரு ஸ்டவ் வைத்துக்கொண்டு முட்டை அவித்துக்கொள், முட்டையோட்டை வெளியில் தெரியும்படி போடாதே என்றாள் பத்மாவதம்மா. மன்னிப்பு என்று இருவரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

செல்லியம்மாவின் இடது காலில் இரண்டு விரல்கள் கடைசிவரை மரத்தபடியே நின்றுவிட்டன. மற்றபடி நடை திரும்பியது. வயசான பத்மாவதம்மாவுக்கு அந்த அளவுக்குத் திரும்பவில்லை, கைத்தடி பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷம் கழித்து மகன் வந்து வீட்டை விற்றுவிட்டுத் தாயைத் தன்னோடு கூட்டிப்போனான். ஜெயச்சந்திரன் குடும்பம் ரேணிகுண்டா ரோட்டுப் பக்கம் போயிற்று. அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, உகாதியன்று, அமெரிக்காவிலிருந்து போன் வரும். ஊசி போட்டுக்கொள்கிறாயா என்று பத்மாவதம்மா முதலில் கேட்பாள். அங்கே பனி கொட்டுவதைப் பற்றியும், மருமகள் பகலெல்லாம் ஆபீசில் இருப்பதைப் பற்றியும் சொல்வாள். கடைசியாகப் பேசியபோது, இங்கே வீடு பெரிது, கதவெல்லாம் சாத்தியே இருக்கும், யாருமே வருவதில்லை என்றாள்.

உயிரோடிருப்பவர்களைச் சொல்கிறாளா, தொட்டியடியில் வந்து நின்றவளைப் போன்றவர்களைச் சொல்கிறாளா என்று செல்லியம்மாவுக்குப் புரியவில்லை. கேட்கவுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.